பத்து மணித் தண்ணீர்

மதினியிடம் யார் வந்து எந்த நல்ல செய்தியைச் சொன்னாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எந்நேரத்துக்கு?"

ஊருக்கு பஸ் விடப் போகிறார்கள் என்பார்கள். "எந்நேரத்துக்கு?" என்பார். கண் சோதிக்க டாக்டர்கள் வருகிறார்கள் என்பார்கள். "எந்நேரத்துக்கு?" ஒருமுறை அவருடைய தங்கையைப் பெண் கேட்டு தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது, தங்கமான பையன் என்று தரகர் அடுக்கிக்கொண்டே போனார். அடுப்படியிலிருந்து மதினி குரல் கொடுத்தார்: "அதெல்லாம் சரி அண்ணாச்சி. வேலை முடிஞ்சு எந்நேரத்துக்கு வீட்டுக்கு வருவாரு?" தரகர் செருப்பைத் தேடினார். அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை. பிறகு விசாரித்ததில், நடக்காததே நல்லது என்று தெரிந்தது.

பெயரைச் சொல்லப் போவதில்லை. எனக்கு உறவுமுறையில் மதினி, ஊருக்குத் தலைவரம்மா. இரண்டு தடவை பஞ்சாயத்துத் தலைவராக இருந்தார். முதல் தடவையைப் பற்றிச் சொன்னால் கையெடுத்துக் கும்பிடலாம் என்று தோன்றும். இரண்டாவது தடவையைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஏழாம் வகுப்போடு நின்றவளுக்கு எழுத்து எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். வயிறு எரிந்தால் எழுத்தும் வரும்.

நாங்கள் இருவரும் கோவில்பட்டியில் ஒரே தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தோம். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டிக் கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். சொல்லும்போது ஒரு மரியாதை இருக்கிறது; உள்ளே போனால் தீக்குச்சி மருந்து நெடிதான் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு வேன் வரும். டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர இடம் மதினிக்கு. கையில் ஆம்பளைகள் கட்டுகிற பெரிய கடிகாரம், தீபாவளி போனஸில் வாங்கியது. மருந்து பட்டுவிடக் கூடாதென்று முகப்பை உள்மணிக்கட்டுப் பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார். நேரம் பார்க்கக் கையைத் திருப்பும்போது பிச்சை கேட்கிற மாதிரி உள்ளங்கை மேலே வரும். ஆனால் அவர் எவரிடமும் கேட்டது பிச்சையாக இருந்ததில்லை.

ஆபீஸில் சாயங்கால மணியைத் தினமும் பத்து நிமிஷம் தாமதமாகத்தான் அடிப்பார்கள். எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை. ஒரு நாள் மதினி நேரத்துக்கு எழுந்து வாசலில் போய் நின்றார்.

"மணி அடிக்கலையே, எங்க கெளம்பிட்டிய?" என்றார் சூப்பர்வைசர்.

"ஒங்க மணி அடிக்கல. ஏம் மணி அடிச்சிட்டு" என்று கையைத் திருப்பிக் காட்டினார் மதினி.

ஒருத்தர் பின்னால் ஒருத்தராக நாங்களும் எழுந்து போனோம். மறுநாளிலிருந்து மணி சரியாக அடித்தது. வேனில் திரும்பும்போது மதினியைக் கேலி பண்ணித் தீர்த்தோம். "ஏட்டி, பத்து நிமிஷம்னா என்னன்னு நெனைக்க? அதுல ஒரு ஒலை கொதிச்சிரும்" என்றார்.

தண்ணீர்க் கதையை இப்போது சொல்ல வேண்டும். எங்கள் ஊர் எட்டயபுரம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. சுற்றிலும் கரிசல். மழை பெய்தால் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. பெய்யாவிட்டால் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். கிணறு எல்லாம் உப்பு. குடிக்கவும் உலை வைக்கவும் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெருக்குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர் ஒன்றுதான் கதி. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது காலை பத்து மணிக்குத்தான் வந்தது. தொட்டியைத் திறந்துவிடுகிற ஆப்பரேட்டர் எழுந்து, டீக்கடையில் பேப்பர் படித்து, ஊர் நியாயம் பேசி முடிக்கிற நேரம் அது. எங்கள் கீழத்தெருவில் அநேகமாக எல்லாப் பெண்களும் ஏழு மணிக்கு வேன் ஏறிவிடுவார்கள். பத்து மணிக்குக் குழாயடியில் யார் நிற்பது? வீட்டில் உள்ள மூத்த பெண்பிள்ளை. நான் ஏழாம் வகுப்போடு நின்றது அப்படித்தான். வாரத்தில் மூன்று நாள் குழாயடி, மூன்று நாள் பள்ளிக்கூடம் என்று இருந்தேன். பிறகு குழாயடி மட்டும் மிஞ்சியது. பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று அம்மா ஊரெல்லாம் சொன்னாள். அவளுக்கும் வேறு என்ன சொல்லத் தெரியும்?

பஞ்சாயத்துத் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது நிலபுலன் உள்ள மேலத்தெருவில் ஆளாளுக்குத் தங்கள் மனைவியை நிறுத்தினார்கள். நோட்டீஸில் மனைவி படம் ஸ்டாம்பு அளவு, புருஷன் படம் தட்டு அளவு. மதினி தானாகவே போய் மனு கொடுத்தார். நோட்டீஸ் கிடையாது, படம் கிடையாது. வேனிலும் குழாயடியிலும் ஒரே பேச்சுதான்: "நான் வந்தா தண்ணி விடியக்காலம் அஞ்சு மணிக்கு." வேறு எதையும் அவர் சொல்லவில்லை. ஆம்பளைகள் சொன்ன ஆளுக்கு வீட்டில் தலையை ஆட்டிவிட்டு, வாக்குச்சாவடியில் எங்கள் இஷ்டப்படி குத்தினோம். கொஞ்ச ஓட்டில்தான் ஜெயித்தார். மறுநாள் வேனில் எல்லோருக்கும் கடம்பூர் போளி கொடுத்தார். அந்த நெய் வாசனையில் ஆபீஸ் நெடிகூட மறந்து போயிற்று.

பதவியேற்ற அன்று நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. மதினியின் வீட்டுக்காரர் வெள்ளாடு மேய்க்கிற சாதுவான மனிதர். அவரை மேலத்தெருப் பெரியவர் கையைப் பிடித்து இழுத்து வந்து தலைவர் நாற்காலியில் உட்கார வைத்தார். ஊரில் கோயில், குளம், பஞ்சாயத்து எல்லாவற்றிலும் கடைசிச் சொல் அந்தப் பெரியவருடையதுதான். "அவிய கையெழுத்துப் போடட்டும், நீரு பாத்துக்கிடும்" என்றார். மதினி உள்ளே வந்தார். புருஷனைப் பார்த்தார். கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆடு பட்டியில கத்துது. நீங்க எந்நேரத்துக்கு எந்திரிக்கப் போறீய?"

அந்த மனிதர் தேள் கொட்டினாற்போல எழுந்தார். அதன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. பெரியவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அப்போது நாங்கள் யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

முதல் வாரமே தண்ணீர் நேரம் மாறியது. ஆப்பரேட்டர் முரண்டு பிடித்தார். மதினி ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே தொட்டிக்குக் கீழே போய் நின்றார்.

"குருவிகூடக் கத்தல, அதுக்குள்ள தண்ணியா தலைவரம்மா?"

"குருவிக்கு வேன் கெடையாது. எங்களுக்கு இருக்கு."

ரேஷன் கடை ஞாயிற்றுக்கிழமை திறந்தது. குழந்தைகளுக்கு ஊசி போடும் நர்சம்மா வேன் திரும்பிய பிறகு சாயங்காலம் வந்தார். இதற்கெல்லாம் மதினி யூனியன் ஆபீஸுக்கு எத்தனை நடை நடந்தார் என்று எனக்குத் தெரியும். பல தடவை துணைக்குப் போனவள் நான். அவருக்கு முன்னால் இருந்த தலைவர்கள் ஆர்ச் கட்டினார்கள், மேடை கட்டினார்கள், அதில் பெயரும் வெட்டினார்கள். மதினி ஒரு செங்கல்கூட வைக்காமல் கடிகார முள்ளை மட்டும் நகர்த்தினார். அந்த வருஷம் கீழத்தெருவிலிருந்து ஒரு பெண்பிள்ளைகூடப் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கவில்லை. நாட்டுக்கு நல்லது செய்யப் பெண்கள் வர வேண்டும் என்று மேடையில் பேசுகிறார்கள். எங்களுக்கு அது பேச்சு இல்லை. விடியும் முன்னே நிறைந்த குடம் அது.

என் மகள் அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் லாரியில் போகிறவர், மாதத்தில் இரண்டு நாள் முகம் காட்டுவார். வீட்டில் நானும் அவளும்தான். ஐந்து மணித் தண்ணீர் இருந்ததால்தான் ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளால் ஒரு நாள் தவறாமல் போக முடிந்தது. மதினிக்குப் பின் சில வருஷம் தேர்தலே நடக்காமல் ஊர் தனி அதிகாரி கையில் இருந்தபோதும் அந்த நேரம் மாறவில்லை. மதினி போட்ட பூட்டு, யார் திறப்பார் என்று இறுமாந்திருந்தேன்.

மறுபடி தேர்தல் வந்தது. அப்போதும் எங்கள் ஊர் பெண்களுக்குத்தான். மதினி நிற்பார், நாங்கள் குத்துவோம் என்று இருந்தோம். அதற்கு வேலையே வைக்காமல் அம்மன் கோயிலில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஆண்கள் உள்ளே உட்கார்ந்து பேசினார்கள். மதினியையும் உள்ளே கூப்பிட்டார்கள். நாங்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். ஒரு மணி நேரம் கழித்து பெரியவர் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம ஊர்ல இந்தத் தடவ போட்டியே கெடையாது. ஊர் ஒத்துமைக்காக எல்லாரும் விட்டுக் குடுத்திருக்கோம். தலைவரம்மா அன்னப்போஸ்ட்!"

எதிர்த்து ஆள் இல்லாமல் ஜெயிப்பதைத்தான் எங்கள் பக்கம் அன்னப்போஸ்ட் என்கிறோம். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. மேலத்தெருவே மதினிக்கு வழிவிட்டுவிட்டதே! கீழத்தெருவில் குலவைக்குப் பேர்போனவள் நான். கல்யாணமோ பொங்கலோ, நான் எடுத்துக் கொடுத்துத்தான் மற்றவர்கள் தொடர்வார்கள். அன்று யாரும் கேட்காமலே நான் குலவை எடுத்தேன். மூச்சு முட்டும் வரை போட்டேன். உள்ளே இருந்து மதினி திரும்பி என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. பெருமையில் பேச்சு வரவில்லை போல என்று நினைத்தேன்.

அந்தத் தடவை போளி வரவில்லை. மேலத்தெருக்காரர்கள் ஆளுக்கு ஒரு லட்டு கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன்.

மூன்று மாசம் போனது. ஒரு திங்கட்கிழமை ஐந்து மணிக்குக் குடங்களோடு போய் நின்றோம். குழாய் இருமக்கூட இல்லை. மோட்டார் ரிப்பேர் என்றார்கள். அடுத்த நாளும் அப்படியே. பிறகு தெரிந்தது: தண்ணீர் இனிமேல் பத்து மணிக்காம். பழைய குருடி கதவைத் திறடி!

ஞாயிற்றுக்கிழமை டீக்கடையருகே ஆப்பரேட்டரைப் பிடித்துக்கொண்டேன். வாயில் வந்ததை எல்லாம் கேட்டேன்.

"எங்கிட்ட எதுக்குக் கோவப்படுதிய? நான் சொன்னதைச் செய்யுதவன்" என்றார். "கோயில்ல வச்சுப் பேசி முடிச்சதுதான. மேலத்தெருவுல எல்லா வீட்டுலயும் தரைக்கு அடியில தொட்டி கட்டி மோட்டார் வச்சிருக்காவ. அஞ்சு மணிக்கு நீங்க அம்புட்டுப் பேரும் கொழாயத் தொறந்தா அங்கன தண்ணி ஏற மாட்டக்கு. பத்து மணின்னா நீங்க வேன்ல போயிருவிய. தொட்டி நெறையும். அதுக்குத்தான அன்னப்போஸ்ட்டே. தலைவரம்மா ஒத்துக்கிட்டுத்தான வெளிய வந்தாவ?"

நான் குலவை போட்டது அதற்குத்தான். என் மகளின் தண்ணீரை எடுத்துக் கொடுத்ததற்கு என் நாக்கைக் கொண்டே குலவை வாங்கிவிட்டார்கள். தெருவில் நின்றுகொண்டே என் வாயில் நானே அடித்துக்கொண்டேன்.

சுதந்திர தினத்தன்று கிராம சபைக் கூட்டம். நடுவில் மதினி, வலது பக்கம் அதிகாரி, இடது பக்கம் பெரியவர். கையெழுத்து நோட்டு சுற்றி வந்தது. நான் கையெழுத்துப் போடாமல் எழுந்தேன்.

"தலைவரம்மாகிட்ட ஒண்ணு கேக்கணும். தண்ணி எந்நேரத்துக்கு?"

கூட்டத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். அவருடைய கேள்வியையே அவரிடம் கேட்கிறேன் என்று. மதினி சிரிக்கவில்லை.

"தண்ணி தெனமும் வருதுல்லா? நிக்காம வருதுல்லா?" என்றார்.

"வருது. எந்நேரத்துக்கு வருதுன்னுதான் கேக்கேன்."

மதினி தன் கையைத் திருப்பவில்லை. கழுத்தைத் திருப்பி இடது பக்கம் பார்த்தார். பெரியவர், "அடுத்த பொருளை வாசிங்க" என்றார். வாசித்தார்கள். யாரும் குறுக்கே பேசவில்லை. என்னோடு வேனில் வருகிறவர்கள்கூடத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் மதினியே என் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார். உட்காரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ஓட்டுக்கு நின்னிருந்தா தோத்திருப்பேன்டி. இந்தத் தடவ அவிய மொத்தமா சேந்துட்டாவ. ஒரே ஆளத்தான் நிறுத்தியிருப்பாவ. அவ வந்தா அவ புருசன்தான் ஆளுவான். ரேசன் கடையும் போகும், நர்சம்மாவும் போகும். ஒண்ண விட்டு ரெண்டக் காப்பாத்துனேன்."

"எதை விடணும்னு எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டியளா மதினி?"

"கேட்டா என்ன சொல்லியிருப்பிய?"

"தோத்தாலும் பரவால்ல, நில்லுங்கன்னு சொல்லியிருப்போம்."

"நீ சொல்லியிருப்ப" என்றார். "கூட்டத்துல ஒனக்குப் பின்னால எத்தன பேரு எந்திரிச்சா?"

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று என் அறிவு சொல்கிறது. ஆனாலும் ஆறவில்லை. முதல் தடவை எங்கள் ஒவ்வொருத்தி முன்னாலும் வந்து நின்று ஓட்டுக் கேட்டார். அதனால் ஒவ்வொருத்திக்கும் பயந்தார். இரண்டாம் தடவை எங்கள் யாரிடமும் கேட்காமல் ஜெயித்தார். பிறகு எங்களுக்கு எதற்குப் பயப்பட வேண்டும்? நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்; அவளை உட்கார வைத்தவர்கள் நாங்கள் இல்லை. பகைவன் செய்திருந்தால் நாலு வசவோடு விட்டிருப்பேன். மதினி நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தார். பத்து மணித் தண்ணீர் என்றால் என்னவென்று தெரியாத ஒருத்தி செய்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். மதினியும் என்னைப் போலக் குழாயடியில் நின்று பள்ளிக்கூடத்தை விட்டவர்தான்.

என் மகள் பத்தாம் வகுப்புக்கு வந்தாள். கோவில்பட்டி பள்ளிக்கூடத்துக்கு எட்டு மணி பஸ்ஸை விட்டால் வேறு கிடையாது. முதலில் நான் வேலைக்கு மட்டம் போட்டுத் தண்ணீர் பிடித்தேன். "நீ வராட்டி அந்த எடத்துக்கு வேற ஆளு ரெடியா இருக்கு" என்றார் சூப்பர்வைசர். பிறகு ஒரு நாள் நான், ஒரு நாள் அவள். நாளாக ஆக அவள் நாள்தான் கூடியது. கணக்கு டீச்சர் இரண்டு முறை ஆள் விட்டுக் கூப்பிட்டார். போய், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். பரீட்சையில் கணக்கும் அறிவியலும் போயிற்று.

"அடுத்த மாசமே திரும்ப எழுதலாமாம்ட்டி" என்றேன்.

"எழுதி?" என்றாள். "பதினொண்ணாப்புக்குப் போனா மட்டும் தண்ணி அஞ்சு மணிக்கு வருமாம்மா?"

என் அம்மாவைப் போல, பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அது ஒன்றுதான் நான் செய்த வித்தியாசம்.

பதினெட்டு முடிந்ததும் அவளும் ஆபீஸுக்கு வந்துவிட்டாள். வேனில் டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்காருகிறாள். மதினியின் பழைய இடம் என்று அவளுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. பத்து மணிக்கு இப்போது எங்கள் வீட்டில் யாரும் இல்லை. சாயங்காலம் டிராக்டரில் வருகிற தண்ணீரை விலைக்கு வாங்குகிறோம். அவள் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்குத்தான் போகிறது. தண்ணீருக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டவள், தண்ணீர் வாங்குவதற்காக வேலைக்குப் போகிறாள்.

மதினியின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. ஊர் மறுபடி அதிகாரி கையில் இருக்கிறது. தேர்தல் வரும் என்று பேச்சு அடிபடுகிறது. போன வாரம் வேனை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால் வாசலில் மதினி நின்றுகொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. கடிகாரம் மட்டும் அதே இடத்தில், அதே உள்பக்கம்.

"இந்தத் தடவ ஓட்டுக்கே நிக்கலாம்னு இருக்கேன்டி. பெரியவரு முடியாமக் கெடக்காரு. எவன் தயவும் வேண்டாம். நம்ம பொம்பளைகள நம்பித்தான். வீட்டுக்கு ஒருநா வாரேன். நிதானமா உக்காந்து பேசணும்."

பழைய ஆசை ஒன்று தலைதூக்கியது என்றால் பொய் இல்லை. "எந்நேரத்துக்கு மதினி?" என்று கேட்டேன். குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. வாய் பழக்கத்தில் வந்துவிட்டது.

மதினி கையைத் திருப்பப் போனார். குடத்தருகே குனிந்து நகத்திடுக்கில் ஒட்டிய மருந்தைத் தேய்த்துக்கொண்டிருந்த என் மகள் நிமிர்ந்தாள். பெரியவர்களிடம் பேசுகிற மரியாதை குறையாமல் சொன்னாள்:

"பத்து மணிக்கு வாங்க அத்தை. அப்பதான் எங்க வீட்டுல யாரும் இருக்க மாட்டோம்."